துக்கம் கேட்க யாரும் வராத துக்கம்

எங்கள் சித்தப்பா மதுரையில் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். 2023 டிசம்பர் 28 காலையில் விஜயகாந்த் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். டிவி முன்னால் உட்கார்ந்தவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை. சித்தி இரண்டு தடவை தட்டை வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். மூன்றாவது தடவை கேட்டே விட்டார்: "அவரு என்ன, ஒங்க அண்ணனா தம்பியா?"

சித்தப்பா ஒன்றும் சொல்லவில்லை. கோபம்கூடப் படவில்லை. சேனலை மட்டும் மாற்றினார். அடுத்த சேனலிலும் அதே முகம்தான்.

சித்தியின் கேள்வி குத்தலானது என்றாலும் நியாயமான கேள்வி. நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஒருவருக்காக, நம் பெயர்கூடத் தெரியாத ஒருவருக்காக ஏன் நெஞ்சு அடைக்கிறது? அழுகிறவர்களைப் பார்த்து ‘சினிமாப் பைத்தியம்' என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. உளவியலில் அறுபது எழுபது வருடமாகப் பேசி வருகிற விஷயம்தான். அதைக் கொஞ்சம் நம்மூர் ஆட்களை வைத்துப் பார்க்கலாம்.

ஒருதலை உறவு

1956-ல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அமெரிக்க வீடுகளுக்குள் தொலைக்காட்சி பரவிக்கொண்டிருந்த காலம். நிகழ்ச்சி நடத்துகிறவர் கேமராவைப் பார்த்து, எதிரே நாம் உட்கார்ந்திருப்பதுபோலப் பேசுகிறார். பார்க்கிறவரும் மனதுக்குள் பதில் பேசிக்கொள்கிறார். நாள் கணக்கில், மாதக் கணக்கில் இது தொடரும்போது, அந்த முகம் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மனிதராக ஆகிவிடுகிறது. அவர் எப்போது சிரிப்பார், எதற்குக் கோபப்படுவார் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. அவருக்கோ நம்மைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இதற்கு அவர்கள் வைத்த பெயர் பாராசோஷியல் உறவு.

தமிழில் ஒருதலை உறவு என்று வைத்துக்கொள்ளலாம். ஒருதலைக் காதலுக்குக் கைக்கிளை என்று பேர் வைத்து, அதையும் ஒரு திணையாக இலக்கணத்தில் சேர்த்துக்கொண்ட மொழி இது. ஒரு பக்கம் மட்டும் ஓடுகிற அன்பு நமக்கு ஒன்றும் புதிதில்லை.

‘ஒருதலை' என்றதும் பொய்யான உறவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். சித்தப்பா தன் சொந்த அண்ணனை வருடத்துக்கு எத்தனை நாள் பார்க்கிறார்? பொங்கலுக்கு ஒரு தடவை, ஏதாவது கல்யாணம் காட்சி என்றால் இன்னொரு தடவை. விஜயகாந்த் முகத்தை முப்பது வருடமாக வாரம் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில், பஸ்ஸில் போட்ட வீடியோவில், சலூன் சுவரில், பட்டறையில் ஓடும் பாட்டில். நெருக்கம் என்பது பெரும்பாலும் பழக்கத்தில் வருவது. திரும்பத் திரும்பப் பார்க்கிற முகம், கேட்கிற குரல் இரண்டையும் மனது ‘நம்மாள்' என்ற கணக்கில் வரவு வைத்துவிடுகிறது. திரைக்குள் இருக்கிற முகம், வாசலில் நிற்கிற முகம் என்று தனித்தனி நோட்டு போட்டு அது எழுதுவதில்லை.

சினிமா இதில் இன்னொரு வேலையும் செய்கிறது. குளோசப். ஒரு மனிதரின் கண்ணில் தண்ணீர் கட்டுவதை இரண்டடி தூரத்தில் இருந்து பார்க்கும் வாய்ப்பு வாழ்க்கையில் யாரிடம் கிடைக்கும்? அம்மா, மனைவி, பிள்ளை. அப்புறம் நடிகர்கள்.

வில்லனுக்கும் அழுவார்கள்

ஒருதலை உறவு ஹீரோவோடு மட்டும்தான் வரும் என்று நினைத்தால் அதுவும் சரியில்லை. சித்தியின் கதைக்கு வருகிறேன்.

2023 செப்டம்பர் 8 அன்று நடிகர் மாரிமுத்து மாரடைப்பால் இறந்தார். ‘எதிர்நீச்சல்' தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது உடம்பு சரியில்லாமல் போய், மருத்துவமனைக்குப் போன இடத்தில் உயிர் பிரிந்தது. அந்தத் தொடரில் அவருக்கு ஆதி குணசேகரன் என்ற வேடம். வீட்டுப் பெண்களை அடக்கி ஆள்கிற, வாயைத் திறந்தாலே எரிச்சல் வரவைக்கிற ஆள். தினமும் ராத்திரி ஒன்பதரை மணிக்குச் சித்தி அவரைத் திட்டுவார். "ஏய், இந்தாம்மா" என்று திரையில் குரல் வந்ததுமே, "வந்துட்டான்" என்பார். அந்த ஆள் செத்துப்போன அன்றைக்கு அடுப்படியில் நின்று சித்தி கண்ணைத் துடைத்ததை நானே பார்த்தேன். "சீரியல் வில்லனுக்குப் போயி அழுவுறியே" என்று சித்தப்பா கிண்டல் பண்ணினார். டிசம்பரில் சித்தி கேட்ட கேள்வியில் அந்தப் பழைய பாக்கியும் கொஞ்சம் சேர்ந்திருந்தது என்று நினைக்கிறேன்.

தினமும் திட்டுவதும் ஒரு பழக்கம்தானே. வீட்டில் ஒரு முரட்டுப் பெரியப்பா இருந்தால் எப்படியோ, அப்படித்தான் அது. பிறகு அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார், அவரும் நல்ல நடிகர். சித்தி கொஞ்ச நாள் பார்த்துவிட்டு, "ஆளு நல்லாத்தான் நடிக்கிறாரு, ஆனா இது வேற வீடு" என்று சொல்லிவிட்டார். கதாபாத்திரம் உயிரோடு இருக்கிறது, மனிதர் இல்லை. இந்தக் குழப்பம் ஒருதலை உறவில் மட்டும்தான் நடக்கும். நிஜ உறவில் ஒருவர் போனால் ஒருவர்தான் போகிறார். இங்கே நடிகரும் வேடமும் ஒரே உருவத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதால், எது போனது, எது மிச்சம் என்று மனதுக்கு விளங்கவே சில நாள் ஆகும்.

நகைச்சுவை நடிகர்கள் போனால் அடி வேறு மாதிரி விழும். 2021 ஏப்ரல் 17 அன்று விவேக் இறந்தபோது அவருக்கு வயது 59. அன்றைக்கு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பூராவும் அவருடைய நகைச்சுவைத் துண்டுகள்தான். அதைப் பார்த்துச் சிரிக்கவும் முடியவில்லை, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை என்று ஒரு நண்பர் போனில் சொன்னார். நம் கவலையைக் குறைத்துவிட்டவரையே நினைத்துக் கவலைப்படும்போது, அதைக் குறைக்க அடுத்து யாரிடம் போவது?

குணச்சித்திர நடிகர்களுக்கான துக்கம் இன்னும் அமைதியானது. 2024 நவம்பரில் டெல்லி கணேஷ் 80 வயதில் காலமானார். விமானப்படையில் பத்து வருடம் வேலை பார்த்துவிட்டு நடிக்க வந்தவர், நானூறுக்கு மேற்பட்ட படங்கள். அவருக்கு யாரும் பேனர் கட்டிக்கொண்டு திரியவில்லை, பாலாபிஷேகம் செய்ததில்லை. ஆனால் செய்தி கேட்ட பலரும் ஒன்றையே சொன்னார்கள்: நம்ம வீட்டுப் பெரியவர் ஒருத்தர் போன மாதிரி இருக்கு. ரசிகர் மன்றமே இல்லாத துக்கம் அது. எனக்கென்னவோ ஒருதலை உறவின் சுத்தமான வடிவம் இதுதான் என்று தோன்றுகிறது.

நம் வயதும் சேர்ந்து போகிறது

சித்தப்பாவிடம் பிறகு ஒருநாள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு விஷயம் பிடிபட்டது. விஜயகாந்தின் நூறாவது படமான ‘கேப்டன் பிரபாகரன்' 1991-ல் வந்தது. ‘கேப்டன்' என்ற பட்டம் அவரோடு ஒட்டிக்கொண்டதே அந்தப் படத்தால்தான். சித்தப்பாவுக்கு அப்போது பதினேழு வயது. பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, கையில் வாங்கிய முதல் வாரக் கூலியில் டிக்கெட் எடுத்திருக்கிறார். கையெல்லாம் பட்டி பூசிய தூசி, சட்டை மாற்றக்கூட நேரமில்லை. இதைச் சொல்லும்போது அவர் படத்தைப் பற்றிப் பேசவே இல்லை. கூலியைப் பற்றியும், கூட வந்த இரண்டு பையன்களைப் பற்றியும், இடைவேளையில் மூன்று பேரும் பங்கு போட்டுச் சாப்பிட்ட ஒரு முட்டை போண்டாவைப் பற்றியும்தான் பேசினார். அந்த இருவரில் ஒருவர் இப்போது உயிரோடு இல்லை.

ஆக, நடிகர் இறக்கும்போது அவர் மட்டும் போவதில்லை. நம் பதினேழு வயதுக்குச் சாட்சியாக இருந்த ஒருவர் போகிறார். வயதான ரசிகர்கள் அழுவதில் பாதி இதற்காகத்தான். பாட்டுக்கும் இதே கணக்கு. ஒரு பாட்டு எந்த வருடம் வந்தது என்று யோசிக்கும்போது, அந்த வருடம் நாம் எந்த வீட்டில் குடியிருந்தோம் என்பதும் சேர்ந்தே ஞாபகம் வரும்.

கேதம் கேட்க ஆள் இல்லை

இப்போது இரண்டாவது கருத்துக்கு வருவோம். அமெரிக்க ஆய்வாளர் கென்னத் டோக்கா 1989-ல் ஒரு வகைத் துக்கத்தைப் பிரித்துக் காட்டினார். சமூகம் ‘இது துக்கம்தான்' என்று ஒத்துக்கொள்ளாத துக்கம். விவாகரத்தான கணவன் இறந்தால் மனைவிக்கு வருவது, வயிற்றிலேயே கலைந்த பிள்ளைக்காக வருவது, வளர்த்த நாய் செத்தால் வருவது. உள்ளே வலி இருக்கும், வெளியே அதற்கு உரிமை இருக்காது. லீவு கேட்க முடியாது, அழுதால் சிரிப்பார்கள்.

நம்மூர் வழக்கத்தில் சொன்னால் இன்னும் எளிது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் சொந்தபந்தம் வந்து துக்கம் விசாரிக்கும். எங்கள் பக்கம் கேதம் கேட்பது என்போம். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் துட்டி என்பார்கள், வடக்கே எழவு. பேர் எதுவானாலும் நடப்பது ஒன்றுதான்: யாராவது வந்து கையைப் பிடித்துக்கொண்டு ‘எப்படி ஆச்சு?' என்று கேட்பார்கள். நாமும் அதே கதையை இருபதாவது தடவையாகச் சொல்வோம். சொல்லிச் சொல்லியே துக்கம் கரையும். நாட்டுப்புறத்து ஒப்பாரியில் இருந்து பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் எல்லா ஏற்பாடும் இதற்குத்தான்.

ரசிகருடைய வீட்டுக்கு யார் கேதம் கேட்க வருவார்கள்?

யாரும் வரமாட்டார்கள். அதனால்தான் ரசிகர்கள் தாங்களே சாவு வீட்டை உண்டாக்கிக்கொள்கிறார்கள். தெருமுனையில் ஒரு நாற்காலி, அதன்மேல் மாலை போட்ட படம், பக்கத்தில் ஊதுபத்தி. ‘கண்ணீர் அஞ்சலி' பிளெக்ஸின் அடியில் இருபது பேர் முகம், இருபது பேர் பெயர். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் அதை விளம்பரம் என்பார்கள், கொஞ்சம் விளம்பரமும்தான். ஆனால் அந்த இருபது பெயர்களும் ‘நாங்களும் பங்காளிகள்தான்' என்று சொல்கின்றன. எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று இறந்தபோது மொட்டை போட்டுக்கொண்ட ஆண்கள் உண்டு. மொட்டை என்பது பெற்றவருக்குப் பிள்ளை செய்கிற கடமை. அதை எடுத்துக்கொண்டதன் மூலம் தாங்கள் யார் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். மெரினாவில் அவர் சமாதிக் கல்லில் காதை வைத்து, உள்ளே அவர் கையில் கட்டிய கடிகாரத்தின் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கேட்குமா கேட்காதா என்ற விவாதம் வேண்டாம். அந்தக் கல்லுக்கும் ஒரு காதுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். உயிரோடு இருந்த காலத்தில் அவ்வளவு பக்கத்தில் போக வாய்த்திருக்குமா?

இதெல்லாம் தமிழ்நாட்டில் மட்டும் நடக்கிற கூத்து என்று பேசுகிறவர்களுக்கு ஒரு தகவல். 1926 ஆகஸ்ட் 23 அன்று நியூயார்க்கில் ருடால்ஃப் வாலண்டினோ என்ற நடிகர் 31 வயதில் இறந்தார். ஊமைப்படக் காலத்து நட்சத்திரம், குரலைக்கூட ரசிகர்கள் திரையில் கேட்டதில்லை. உடல் வைத்திருந்த இடத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் தெருக்களில் திரண்டார்கள், நெரிசலில் ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின, குதிரைப் போலீஸ் வந்துதான் கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

நம் மரபில் இந்தத் துக்கத்துக்கு இடம் இருந்ததா என்று பார்த்தால், இருந்திருக்கிறது. புறநானூற்றில் கையறுநிலை என்று தனித் துறையே உண்டு. ஆதரித்த வள்ளல் இறந்தபின் பாணனும் புலவனும் செயலற்று நின்று பாடுவது. அவர்களில் பெரும்பாலோர் இறந்தவருக்கு ரத்த சொந்தம் இல்லை. கோப்பெருஞ்சோழன், பிசிராந்தையார் கதை இதைவிடப் பொருத்தம். இருவரும் நேரில் பார்த்ததே கிடையாது. புலவர் பாண்டிய நாட்டுக்காரர், மன்னனோ உறையூரில். சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உட்கார்ந்து உண்ணாமல் இருந்து, உயிர்விடத் துணிந்தபோது, ‘ஆந்தை வருவான், அவனுக்கு ஓர் இடம் விட்டு வையுங்கள்' என்கிற பொருளில் சொல்கிறான். அவரும் வந்து சேர்ந்து பக்கத்திலேயே உயிர் விடுகிறார். ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம்: அங்கே மன்னனுக்குப் புலவரைத் தெரியும். இடம் விட்டு வைத்தான். நட்சத்திரம் நமக்காக இடம் எதுவும் விட்டு வைப்பதில்லை. அந்த இடத்தை ரசிகரே தேடிக்கொள்ள வேண்டும்.

கர்நாடகத்தில் அதை அழகாகத் திருப்பிப் போட்டார்கள். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று மாரடைப்பால் இறந்தார். வயது 46. அவர் நடித்து முடித்திருந்த ‘ஜேம்ஸ்' அடுத்த வருடம் மார்ச் 17-ல், அவருடைய பிறந்தநாளில் வெளியானது. டப்பிங் பேச அவர் இல்லாததால் அண்ணன் சிவராஜ்குமார் குரல் கொடுத்தார். சில தியேட்டர்களில் ஒரு சீட்டை அவருக்கென்று காலியாக விட்டு வைத்தார்கள். சோழன் புலவனுக்கு விட்ட இடத்தை இங்கே ரசிகன் நட்சத்திரத்துக்கு விட்டான்.

அழுதபின் என்ன செய்கிறார்கள்

புனித்தின் கண்கள் தானம் செய்யப்பட்டன. அவருடைய அப்பா ராஜ்குமார் 2006-ல் இறந்தபோது அவர் கண்களும் அப்படித்தான் தானம் செய்யப்பட்டன. புனித்தின் கண்களால் நான்கு பேருக்குப் பார்வை கிடைத்தது என்ற செய்தி வந்ததும் கர்நாடகத்தில் கண் தானத்துக்குப் பதிவு செய்கிறவர்கள் எக்கச்சக்கமாகப் பெருகினார்கள். ஆனால் அப்பா இறந்தபோது பெங்களூரில் கலவரம் வெடித்து உயிர்கள் போயின. பதினைந்து வருட இடைவெளியில் அதே குடும்பம், பெரும்பாலும் அதே ரசிகர் கூட்டம், வேறு ஒரு துக்கம். முதலில் கையில் கல் இருந்தது, பிறகு தானப் படிவம் இருந்தது. இரண்டாவது தடவை அரசும் போலீசும் முன்கூட்டியே தயாராக இருந்தார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் துக்கத்துக்குச் செய்ய ஒரு வேலை கொடுத்தால் அது கல்லைத் தேடாது என்று நான் நம்புகிறேன்.

விவேக் அந்த வேலையைத் தானே விட்டுவிட்டுப் போனார். அப்துல் கலாம் கேட்டுக்கொண்டதற்காக ஒரு கோடி மரக்கன்று நடும் திட்டத்தை எடுத்துச் செய்துகொண்டிருந்தவர். இறந்த அன்றே பல ஊர்களில் கன்று நட ஆரம்பித்துவிட்டார்கள். கொரோனா இரண்டாவது அலை நேரம், கூட்டம் கூடப் பயம், சென்னைக்குப் போகவும் பயம். ஆனால் வீட்டு வாசலில் குழி தோண்டத் தடை இல்லையே. மாலை வாடிவிடும், பிளெக்ஸ் கிழிந்துவிடும். மரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும், அதுவும் தினமும்.

மற்றபடி, நினைவுநாள் போஸ்டர், மறுவெளியீடு, மெழுகுவர்த்தி எல்லாம் உங்களுக்கே தெரிந்தவை. புதிதாக வந்திருப்பது ஏ.ஐ. மட்டும்தான். அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

2024 செப்டம்பர் 5-ல் வந்த ‘தி கோட்' படத்தில் விஜயகாந்தை ஏ.ஐ. உதவியோடு திரையில் கொண்டுவந்தார்கள், குடும்பத்தின் அனுமதி வாங்கித்தான். தியேட்டரில் விசில் பறந்தது. எனக்கு மட்டும் ஏதோ நெருடியது. பதினைந்தே நாள் கழித்து ‘லப்பர் பந்து' வந்தது. அதில் ஒரு கதாபாத்திரம் விஜயகாந்த் ரசிகர், மட்டையைத் தூக்கிக்கொண்டு அவர் மைதானத்தில் இறங்கும்போது 1989-ல் வந்த ‘பொன்மனச் செல்வன்' படத்தின் இளையராஜா பாட்டு ஒலிக்கும். ஆளை வரவழைக்கவில்லை, பாட்டை மட்டும் வரவழைத்தார்கள். சித்தப்பா இரண்டு படத்தையும் பார்த்தார். முதல் படத்துக்குக் கை தட்டினார். இரண்டாவது படத்தில் கை தட்டவில்லை, பக்கத்தில் இருந்த என் தொடையைப் பிடித்துக்கொண்டார். இதற்குமேல் எந்த முறை சிறந்தது என்று நான் வாதம் பண்ணப்போவதில்லை.

இறந்தவர் திரைக்கு வர வேறு வழியும் உண்டு. ‘இந்தியன் 2' தயாரிப்பு பல வருடம் இழுத்தது. 2024 ஜூலையில் வெளியானபோது அதில் நடித்த விவேக், நெடுமுடி வேணு, மனோபாலா மூவருமே உயிரோடு இல்லை. நான் பார்த்த காட்சியில் விவேக் வந்ததும் வழக்கம்போல விசில் கிளம்பியது, பாதியில் அடங்கியது. விசிலடித்தவனுக்கு நடுவில் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது.

சில எச்சரிக்கைகள்

ஒருதலை உறவு இயல்பானது என்றேன். அதற்காக அதன் பேரால் நடக்கிற எல்லாமே சரி என்றாகாது.

முதலாவது, செய்தியை நம்பும் அவசரம். உயிரோடு இருக்கிற நடிகர்களுக்கே ‘ஆழ்ந்த இரங்கல்' போட்டு, அவர்களே வீடியோவில் வந்து ‘நான் நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்ல வேண்டிய நிலைமை பலமுறை வந்திருக்கிறது. துக்கத்தை முதலில் பகிர்ந்தவர் என்று யாரும் மெடல் தரப்போவதில்லை. பத்து நிமிஷம் பொறுத்தால் குடும்பமோ மருத்துவமனையோ சொல்லிவிடும்.

இரண்டாவது, அந்தக் குடும்பம். அவர்களுடையது இருதலை உறவு. புருஷனை, அப்பாவை இழந்து நிற்கிறவர் காரில் இருந்து இறங்கும்போது முகத்துக்கு நேரே பத்து செல்போன்கள் நீட்டப்படுகின்றன. ரசிகர்களைவிட வீடியோ எடுத்துப் பிழைக்கிறவர்கள்தான் இதில் அதிகம் என்றாலும், பார்க்கிறவர்கள் நாம்தானே. 2018 பிப்ரவரியில் ஸ்ரீதேவி துபாயில் இறந்தபோது, சில டிவி சேனல்கள் குளியல் தொட்டியை ஸ்டூடியோவில் காட்டி விவாதம் நடத்தின. சிவகாசிப் பக்கம் பிறந்து, நாலு வயதிலேயே கேமரா முன்னால் நின்ற ஒரு பெண்ணை அந்த மாதிரியா வழியனுப்புவது? இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மூன்றாவதுதான் முக்கியமானது. நட்சத்திரங்கள், தலைவர்கள் இறக்கும்போது தன்னையே மாய்த்துக்கொள்ளும் ரசிகர்கள் நம் மண்ணில் இருந்திருக்கிறார்கள். அதை விசுவாசம் என்று மேடையில் புகழ்ந்ததும் உண்டு. அந்தப் புகழ்ச்சி அடுத்தவரையும் இழுக்கும், அதனால் அதை நான் பாராட்டமாட்டேன். துக்கம் வாரக் கணக்கில் இறங்காமல், தூக்கமும் சாப்பாடும் போய், ‘இனி இருந்து என்ன' என்ற பேச்சு வந்தால், அது நடிகரைப் பற்றிய துக்கம் மட்டும் இல்லை. அடியில் வேறு ஏதோ இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நேராகக் கேட்டுவிடுங்கள். தமிழ்நாட்டில் 104, நாடு முழுக்க 14416 என்ற எண்களில் எந்த நேரமும் பேசலாம், காசு கிடையாது.

மற்றவர்களுக்கு, அதாவது சும்மா இரண்டு நாள் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் சித்தப்பாக்களுக்கு, ஒரே ஒரு கேள்வி போதும். "அவரோட எந்தப் படத்த மொதல்ல பாத்தீங்க?" கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். முட்டை போண்டா வரைக்கும் வந்துவிடும்.

கோயம்பேடு

2024 டிசம்பர் 28, விஜயகாந்தின் முதல் நினைவுநாள். கோயம்பேட்டில் அவர் கட்சி அலுவலக வளாகத்திலேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். அங்கே அன்னதானம் நடக்கிறது. படப்பிடிப்பில் எல்லோருக்கும் ஒரே சாப்பாடு என்று நின்றவர் என்பதால் ரசிகர்கள் அதைப் பெரிதாக நினைக்கிறார்கள். சித்தப்பா முந்தின நாள் ராத்திரி பஸ்ஸில் கிளம்பினார். சித்தியும் வருகிறேன் என்றார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. தயிர்சாதம் கட்டி எடுத்துக்கொண்டார், ஆனால் அங்கே போனபின் அதைப் பிரிக்கவே இல்லையாம்.

கூட்டம் தெருவை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறது. பெண்கள் வரிசையில் சித்திக்கு முன்னால் நின்ற வயதான அம்மா திரும்பி, "எந்த ஊரும்மா?" என்று கேட்டிருக்கிறார். சித்தி மதுரை என்றார்.

"அவரு ஊருக்காரங்களா!"

சொல்லிவிட்டு அந்த அம்மா சித்தியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாராம். கேத வீட்டில் பிடிப்பதுபோல. "நான் என்னத்தச் சொல்றது, எனக்கு அந்த ஆளையே பிடிக்காதே" என்று ஊருக்கு வந்து சித்தி எங்களிடம் சொன்னார். ஆனால் அங்கே கையை உருவிக்கொள்ளவில்லை. வரிசை நகரும்வரை அந்த அம்மா பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார்.